செக்கிங் அம்மா வீட்டு மாடி

துணி தைக்கும் ஆலையில் பெண்கள் வெளியே போகும் வாசலில் தான் நின்ற காலம் முழுக்க ஒரு பொத்தான்கூடத் திருட்டுப் போனதில்லை என்று செக்கிங் அம்மா சொல்லிக்கொள்வாள். அதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அவளைத் தாண்டிப் போவது லேசுப்பட்ட காரியமில்லை என்பது மட்டும் உண்மை. வேலை முடிந்து வரிசையில் வரும் ஒவ்வொருத்தியும் அவள் முன்னால் நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்க வேண்டும். அவள் கை தோளில் ஆரம்பித்து முதுகு, விலா, இடுப்பு என்று இறங்கும். சாப்பாட்டுப் பையை வெளியிலிருந்தே ஒரு அமுக்கு அமுக்குவாள். "போ" என்பாள். முகத்தைப் பார்க்கவே மாட்டாள். முகத்தை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒளித்து வைத்த இடத்துக்குப் பக்கத்தில் கை வந்தால் எப்பேர்ப்பட்டவளும் மூச்சைப் பிடித்துவிடுவாள் என்பது அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

காலையில் ஒல்லியாக வந்து சாயங்காலம் பூசினாற்போல் போய்க்கொண்டிருந்த ஒருத்தியின் இடுப்பிலிருந்து எலாஸ்டிக் நாடாவைப் பம்பரத்துக் கயிறு போல உருவி எடுத்திருக்கிறாள். இன்னொருத்தியின் கொண்டைக்குள்ளிருந்து ஊசிப் பெட்டி வந்தது. அந்த வாசலில் அழுதவர்கள் உண்டு, மண்ணை வாரித் தூற்றியவர்கள் உண்டு, காலைப் பிடித்தவர்களும் உண்டு. அவள் யாரையும் திட்டியதில்லை. கண்டுபிடித்ததை மேசைமேல் வைத்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிடுவாள். அவ்வளவுதான் அவள் வேலை.

வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். கைக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. கல்யாண வீட்டில் சொந்தக்காரி யாராவது ஆசையாக வந்து கட்டிக்கொண்டால், செக்கிங் அம்மாவின் கை தானாக அவள் இடுப்பைச் சுற்றி வந்துவிடும். குடும்பத்தில் எல்லோருக்கும் இது தெரியும். "அண்ணி கட்டிப் பிடிச்சு விட்டுட்டாங்கன்னா நான் சுத்தமானவன்னு அர்த்தம்" என்று அவள் நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும் வேலை பார்த்த அவள் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்க மாட்டார். அவர் எதற்கும் அதிகம் வாயைத் திறக்கிறவர் இல்லை. இந்த வீட்டில் வாயைத் திறந்தால் வாக்குமூலமாகிவிடும் என்று அவருக்கு எப்போதோ புரிந்துவிட்டது.

மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் முதன்முதலாக வாசல்படி ஏறியபோதும் அப்படித்தான் ஆயிற்று. செக்கிங் அம்மா சந்தோஷமாகத்தான் கட்டிக்கொண்டாள். கை இடுப்புக்குப் போனது. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண், புது இடம், புது மனிதர்கள், கூச்சத்தில் மூச்சைப் பிடித்தாள். வேறு யாராக இருந்தாலும் அதைக் கூச்சம் என்று விட்டிருப்பார்கள். செக்கிங் அம்மாவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. இவள் எதையோ மறைக்கிறாள் என்று அன்றைக்கே மனசுக்குள் ஒரு முடிச்சைப் போட்டுக்கொண்டாள்.

அந்த வருஷத்து மழையில்தான் மகனும் மருமகளும் படுக்கும் அறை ஒழுக ஆரம்பித்தது. கட்டிலுக்கு நேர் மேலே, மொட்டை மாடித் தளத்தின் அடியில், ஒரு தோசைக்கல் அகலத்துக்கு ஈரம் பூத்தது. பிறகு சொட்டியது. இத்தனை வருஷம் ஒழுகாத மாடி இவள் வந்ததும் எப்படி ஒழுகுகிறது என்று செக்கிங் அம்மா யோசித்தாள். பக்கத்து வீட்டுக்காரரின் தண்ணீர்த் தொட்டிமேலும் ஒரு கண் இருந்தது. அந்த ஆள்மேல் அவளுக்குப் பழைய கணக்கு உண்டு. மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் மாடியில் காயப்போட்ட ஒரு போர்வை காணாமல் போனது. அவர் வீட்டு மாடியும் இவர்கள் மாடியும் ஒட்டியிருந்தன. காற்றில் பறந்திருக்கும் என்றார் அவள் வீட்டுக்காரர். காற்று எந்தக் காலத்தில் கிளிப்பைக் கழற்றியது என்று செக்கிங் அம்மா கேட்டாள்.

ஒழுகுவதைப் பார்க்க வந்த கொத்தனார்களும் அவளிடம் தேறவில்லை. ஒருவர் மேலே பூச்சுப் பூசினால் போதும் என்றார். அடுத்தவர் ஓடு பதிக்க வேண்டும் என்றார். மூன்றாமவர் தளத்தையே உடைத்துப் புதிதாகப் போட வேண்டும் என்றார். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் மூன்று பேரும் பொய் சொல்கிறார்கள் என்று அவள் முடிவு கட்டி, எல்லோரையும் வாசலோடு அனுப்பினாள். அப்படியே அடுத்த மழையும் வந்து போனது. அதற்கடுத்ததும் போனது. மகனும் மருமகளும் கட்டிலை எதிர்ச்சுவரோரம் தள்ளிப் போட்டு, வாளி வைத்து, வாளிக்குள் துணி போட்டுச் சத்தத்தை அடக்கிப் படுத்தார்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். அந்த ஒரு நாளைத்தான் மறக்க முடியாது. மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்திருந்தது. வாளியை எடுத்துவிட்டுக் கட்டிலைப் பழைய இடத்தில் போட்டிருந்தார்கள். காலையில் மருமகள் வெளியே வந்து, "அத்தை, மெத்தையெல்லாம் நனைஞ்சிருச்சு" என்றாள். நாத்தனாரும் அவள் புருஷனும் விருந்தாளியாக வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். செக்கிங் அம்மா நேராக அறைக்குள் போனாள். நாற்காலியில் ஏறி உள்ளங்கையை மேலே வைத்து அமுக்கினாள். பெரிதாக ஈரம் தெரியவில்லை. இறங்கி மெத்தையை அமுக்கினாள். தண்ணீர் வந்தது. ஜன்னல் திட்டில் ஒரு சொம்பு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, ஆலை வாசலில் வைப்பது போலவே எல்லோருக்கும் நடுவில் மேசைமேல் வைத்தாள்.

"இது மேல இருந்து வந்த தண்ணி இல்ல. இதுல இருந்து வந்த தண்ணி. தனிக்குடித்தனம் போகணும்னா வாயைத் திறந்து கேளும்மா. மெத்தையை எதுக்குப் பாழாக்குற?"

மருமகள் முகத்தில் ஈயாடவில்லை. ஒன்றும் பேசாமல் மெத்தையை வெயிலில் போட மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பேசாமல் போனதையே செக்கிங் அம்மா ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டாள். மகன் அன்றைக்கு அம்மாவிடம் போட்ட சண்டையை அக்கம்பக்கம் முழுவதும் கேட்டது. ஆனால் சண்டை ஓய்ந்துவிட்டது, சொம்பு ஓயவில்லை. அதற்குப் பிறகு மருமகள் அந்த வீட்டில் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அத்தையின் கை எட்டும் தூரத்தில் நிற்பதும் இல்லை.

கடைசியில் தளமே முடிவு சொல்லிவிட்டது. ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் அந்த அறையில் இல்லாத நேரம், மேலேயிருந்து பூச்சு ஒரு பாளமாகப் பெயர்ந்து மகனின் தலையணைமேல் விழுந்தது. உள்ளே கம்பிகள் துருவேறி, பொரித்த மாதிரி உப்பித் தெரிந்தன. மகன் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டினான்.

"இதையும் அவதான் பண்ணினாளா?"

அதற்குமேல் பேச்சுக்கு இடமில்லை. பழைய தளத்தை உடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது என்று தீர்மானமாயிற்று. வேலை முடியும்வரை மகனும் மருமகளும் இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வாடகை வீட்டுக்குப் போனார்கள். அப்பா அம்மாவையும் கூப்பிட்டான் மகன். செக்கிங் அம்மா அசையவில்லை. சமையலறை பின்னால் சேர்த்துக் கட்டியது, அதற்குத் தனித் தளம், அது நன்றாகத்தான் இருந்தது. அதில் பாய் விரித்துக்கொண்டு, "சாமானெல்லாம் இங்க கிடக்கு, கண்டவன் வந்து போற இடத்துல யார் காவல் இருக்கிறது?" என்றாள். வீட்டுக்காரர் பாயின் மறு ஓரத்தில் இடம் பிடித்துக்கொண்டார்.

சாமான் மட்டும் அவள் கவலையில்லை. ஒரு தடவை வெளியே போனவர்கள் திரும்பி வர மாட்டார்கள் என்று அவள் உள்மனசு சொன்னது. ஒரே பிள்ளை. அவன் போய்விட்டால் அந்த வீட்டில் மிஞ்சுவது அவளும், பேசாத ஒரு மனிதரும், புதுத் தளமும்தான். அவளுக்குச் சாட்சியும் கிடைத்தது. மருமகள் கடை முடிந்து போகிற வழியில் தினமும் வீட்டுக்கு வந்து, தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த சாமான்களிலிருந்து ஏதாவது ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். முதலில் துணிமணி, பாத்திரம். சரி, வேண்டியதுதான். பிறகு முகம் பார்க்கும் கண்ணாடி போனது. ஜன்னல் திரை போனது. ஆலையிலும் இப்படித்தான். மொத்தமாக எடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோவார்கள். ஒரு நாள் மருமகளின் பை வட்டமாகப் புடைத்திருந்தது. உள்ளே டிக் டிக் என்றது. அவளுடைய சிநேகிதிகள் கல்யாணத்துக்குக் கொடுத்த சுவர்க்கடிகாரம். கொஞ்ச காலம் தங்கப் போகிறவள் திரைச்சீலையும் கடிகாரமும் எதற்கு எடுத்துப் போகிறாள்? செக்கிங் அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தப் பை தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த ஆத்திரமெல்லாம் தளம் போட வந்த மேஸ்திரிமேல் இறங்கியது. அவர் நல்ல மனிதரா கெட்ட மனிதரா என்பது அவளுக்கு இரண்டாம் பட்சம். வந்திருக்கிறார், சாமான் இருக்கிறது, அது போதும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சிமெண்ட் மூட்டையைப் பிரித்தால் எட்டிப் பார்த்தாள். சாயங்காலம் வேலையாட்கள் கிளம்பும்போது எழுந்து வாசல் குறுக்கே நின்றாள். கையை நீட்டவில்லை, அது ஒன்றுதான் குறை.

"அம்மா, உங்க வீட்டுக் கம்பியை நான் இடுப்புல சொருகிக்கிட்டா போகப் போறேன்?" என்று ஒரு நாள் மேஸ்திரி பொறுக்க முடியாமல் கேட்டார்.

"அப்படிச் சொருகிக்கிட்டுப் போனவங்களையும் பாத்திருக்கேன் மேஸ்திரி" என்றாள் அவள்.

மேஸ்திரி வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார்.

தளத்தை உடைக்கும் வேலை பக்கத்து வீட்டு மாடியை ஒட்டிய ஓரத்துக்கு வந்தபோதுதான் அது வெளியே வந்தது. கைப்பிடிச் சுவருக்கு உள்பக்கம், மேல்பூச்சைக் கொத்தி எடுத்ததும் துருப்பிடித்த இரும்பு முனை ஒன்று தெரிந்தது. மேஸ்திரி உளியை வைத்து நாலு தட்டுத் தட்டினார். அறுத்துவிட்ட எல் வடிவ ஆங்கிள் இரும்புத் துண்டு ஒன்று, ஒரு சாண் நீளம், துருவில் உப்பி, தளத்துக்குள் நட்டுக்குத்தாக நின்றிருந்தது. அதைப் பிடுங்கியதும் அந்த ஓட்டை வழியாகக் கீழே அறையின் தரை தெரிந்தது. கட்டில் கிடந்த இடம்.

"இங்க பாருங்கம்மா!" மேஸ்திரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதான் உங்க வியாதி. யாரோ தளத்துல ஓட்டை போட்டு இரும்பை நட்டிருக்காங்க. அப்புறம் மேலாக அறுத்துட்டுப் பூசி மறைச்சுட்டாங்க. தண்ணி இது வழியா உள்ள இறங்கித் தங்கியிருக்கும். மழை விட்டு ரெண்டு நாள் கழிச்சுக்கூடச் சொட்டும். கம்பியெல்லாம் அதுல போச்சு. எந்தப் புண்ணியவான் வேலைம்மா இது?"

சத்தம் கேட்டு மாடிக்கு வந்திருந்த செக்கிங் அம்மா குனிந்து ஓட்டையைப் பார்த்தாள். அந்தப் புண்ணியவான் யார் என்று அவளுக்குத் தெரியும். போர்வை காணாமல் போன அடுத்த வாரம், பக்கத்து வீட்டிலிருந்து யாரும் தாண்டி வரக்கூடாது என்று வெல்டரைக் கூட்டி வந்து, ஆங்கிள் நட்டு முள்கம்பி கட்டச் சொன்னது அவள்தான். சுவரிலேயே நடலாம் என்று வெல்டர் சொன்னார். சுவரை அசைத்துப் பிடுங்கிவிடுவான், தளத்தில் ஆழமாக இறக்கு என்றவளும் அவள்தான். பிறகு முள்கம்பி துருப்பிடித்து அவளுடைய துணியையே கிழித்தபோது, அதே வெல்டரை வைத்து மட்டமாக அறுத்து, மேலே கொஞ்சம் பூசி, மறந்தும் போனாள். மருமகள் வந்த வருஷத்தில்தான் அந்தப் பூச்சு விட்டிருக்க வேண்டும்.

மழை விட்டு இரண்டு நாள் கழித்துக்கூடச் சொட்டும். மேஸ்திரி சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். செக்கிங் அம்மா மாடியிலேயே நின்றாள். மெத்தையை இழுத்துக்கொண்டு படியேறிய அந்தப் பெண்ணின் முதுகு ஞாபகத்துக்கு வந்தது. எதையும் ஒளித்து வைக்காதவளை எல்லோர் முன்னாலும் திருடியாக்கினோம் என்று அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. மகனுக்குத் தெரிந்தால்? அந்தக் கடிகாரம் இனி இந்த வீட்டுச் சுவருக்கு வராது.

மேஸ்திரி தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, இடிபாட்டுக் குவியலிலிருந்து அந்த ஆங்கிள் துண்டை எடுத்தாள். இங்குமங்கும் பார்த்தாள். இடுப்பில் சொருகி, மேலே துணியை இழுத்துவிட்டுக்கொண்டு படி இறங்கினாள். வாசலில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்தாள். பிடித்தோம் என்பது அவரைத் தாண்டின பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

துண்டைச் சமையலறையில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தாள். அன்றிலிருந்து மேஸ்திரிக்கு விடுதலை. கான்கிரீட்டைத் தாங்கச் சென்ட்ரிங் பலகை அடித்தார்கள், முட்டுக் கொடுத்தார்கள், கம்பி கட்டினார்கள். அவள் எட்டிப் பார்க்கவில்லை. கான்கிரீட் போட்ட அன்று காலையிலிருந்து கலவை இயந்திரம் அலறியது. ஆட்கள் சட்டிக்குச் சட்டி கைமாற்றி மேலே கொண்டுபோனார்கள். அவள் சமையலறையை விட்டு வரவே இல்லை. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று மேஸ்திரி வீட்டுக்காரரிடம் தனியாக விசாரித்தார். அவர் குரலிலும் சந்தேகம் இருந்தது. இவள் சும்மா இருந்தால் ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று நினைக்க அவரும் பழகிவிட்டார்.

கான்கிரீட் நன்றாக இறுகுவதற்காகப் புதுத்தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். அந்தத் தண்ணீரை வற்றவிடாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் வேலை. ஒரு நாள் மாடியிலிருந்து இறங்கி வந்தவர், அவள் பக்கம் திரும்பாமல், "துருப்பிடிச்ச இரும்பை அரிசிகிட்ட வைக்காத" என்றார்.  வெல்டர் வந்த அன்று ஆங்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

"எல்லாம் தெரிஞ்சும் ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று அவள் சீறினாள்.

"இரும்பு உள்ள விட்டுப் போயிருக்கும்னு எனக்குத் தெரியாது. அவ தண்ணி ஊத்தலைன்னு மட்டும் தெரியும்" என்றார். "அதைச் சொல்லியிருக்கணும். சொல்லல."

முட்டுகளைப் பிரித்தார்கள். பலகை கழன்றதும் புதுத்தளம் அடியில் பளிச்சென்று, ஒரு கீறல் இல்லாமல் தெரிந்தது. மேலே தண்ணீர் நின்றும் கீழே ஒரு பொட்டு ஈரமில்லை. பூசினார்கள், வெள்ளையடித்தார்கள். மகன் வந்து நிமிர்ந்து பார்த்தான். நல்லா வந்திருக்கு என்றான். எப்போ வர்றீங்க என்று செக்கிங் அம்மா கேட்டாள். அவன் தரையைப் பார்த்தான்.

"அங்கயே பழகிடுச்சும்மா. அவளுக்குக் கடையும் பக்கம். பாக்கலாம்."

அவன் பிடி கொடுக்காமல் பேசினால் எதை மறைக்கிறான் என்று அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். இவ்வளவு நாளாக அவள் சந்தேகப்பட்டது சரியாகவே இருந்துவிட்டது. ஆலையில் சந்தேகம் சரியாகும்போதெல்லாம் வந்த திருப்தி இப்போது வரவில்லை. 

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் ஆங்கிள் துண்டை எடுத்தாள். பையில் போட்டாள். பையிலிருந்து எடுத்தாள். கடைசியில் முதலில் வைத்த இடத்திலேயே, இடுப்பில் சொருகிக்கொண்டு புறப்பட்டாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தாள். வீட்டுக்காரர் ஏன் என்று கேட்கவில்லை, கதவை மட்டும் உள்ளிருந்து தாழ் போட்டார். அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே இரண்டு தெருவையும் நடந்து முடித்தாள்.

வாடகை வீட்டுக் கதவைத் திறந்தது மருமகள். அத்தை இதுவரை அந்த வீட்டுக்கு வந்ததே இல்லை. கதவைப் பாதி திறந்தபடியே, ஒரு கையை நிலையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அத்தை? அவர் வெளிய போயிருக்காரே."

"உன்னைத்தான் பாக்க வந்தேன்."

மருமகளின் கண்கள் அத்தையின் கையைப் பார்த்தன, பிறகு பின்னால் யாராவது வருகிறார்களா என்று தெருவைப் பார்த்தன. செக்கிங் அம்மாவுக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். வழக்கமாகத் தன்னிடம் இருக்கும் சந்தேகப் பார்வை.  ஆயுசு முழுக்கக் கையால் பேசியவள், வாயால் மன்னிப்புக் கேட்க எங்கே பழகியிருக்கிறாள்? நின்றாள். பிறகு வாசல்படியில் நின்றபடியே இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கினாள்.

"என்ன அத்தை இது?"

"செக் பண்ணு."

"விளையாடாதீங்க. யாராவது பாக்கப் போறாங்க."

"பாத்தா பாக்கட்டும். நீ செக் பண்ணு."

மருமகள் அவள் முகத்தையே பார்த்தாள். அழுகிறாளா, நடிக்கிறாளா, புத்தி பிசகிவிட்டதா என்று பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. தயங்கித் தயங்கிக் கையை எடுத்துத் தோளில் வைத்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, ஒழுங்காகவே செய்தாள். தோள், முதுகு, விலா. மருமகளின் உடம்பின்மேல் அத்தையின் கை எத்தனை முறை அப்படிப் போயிருக்கிறது, வரிசை மாறுமா? இன்னொருத்தியின் விரல்கள் தன்மேல் இறங்குவது எப்படி இருக்கும் என்று செக்கிங் அம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உடம்பு கூசியது. ஓடிப்போகலாம் என்றிருந்தது. விரல்கள் இடுப்புக்கு வந்தன. அவள் மூச்சைப் பிடித்தாள். விரல்களும் நின்றன.

மருமகள் துணி மடிப்பிலிருந்து அந்த இரும்பை உருவி எடுத்தாள். துரு அவள் உள்ளங்கையில் ஒட்டியது.

"என்ன இது?"

"உங்க கட்டிலுக்கு நேர் மேல, தளத்துக்குள்ள இருந்துச்சு. அது வழியாத்தான் தண்ணி இறங்கியிருக்கு. மழை விட்டப்புறமும் சொட்டுமாம், மேஸ்திரி சொன்னாரு." கையைக் கீழே போடாமலே சொன்னாள். "நட்டது நான். போர்வையைத் திருடிட்டாங்கன்னு நான்தான் நட்டு வச்சேன். நீ தண்ணி ஊத்தல. நான் உன்னைத் தப்பாச் சொல்லிட்டேன்."

மருமகள் இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரல் இறங்கவில்லை.

"எல்லார் முன்னாடியும் சொன்னீங்க."

"ஆமா."

"சொம்பைக் கொண்டுவந்து மேசைமேல வச்சீங்க. விருந்துக்கு வந்திருந்த உங்க நாத்தனார் சித்தி, சித்தப்பா எல்லாரும் பாத்தாங்க. இன்னைக்கு வரைக்கும் அந்தச் சித்தி என்னைப் பாத்தா, மெத்தை காஞ்சிருச்சான்னு கேக்குறாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. செக்கிங் அம்மா தலையை ஆட்டினாள்.

"அப்ப இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லணும் அத்தை. என்கிட்ட மட்டும் சொன்னா எப்படி?"

நியாயம்தான். உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். மகன் திரும்பி வரும்வரை இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச்சுவரில் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் வந்ததும் மேசைமேல் கிடந்த துருப்பிடித்த இரும்பைப் பார்த்து முழித்தான். மருமகள் அத்தையின் நாத்தனாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அத்தை பக்கம் நகர்த்தினாள். செக்கிங் அம்மா ஆரம்பத்திலிருந்து சொன்னாள். போர்வையிலிருந்து சொன்னாள். நாத்தனார் நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை, அதுவே அவள் எவ்வளவு ரசித்துக் கேட்டாள் என்பதற்கு அடையாளம்.

"அண்ணி, அந்தப் போர்வை பச்சைக் கட்டம் போட்டதா?" என்று முடிவில் கேட்டாள். "அதை நான்தானே அப்ப எடுத்துட்டுப் போனேன். அண்ணன்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தேன். அவர் சொல்லவே இல்லையா?"

மகன்தான் முதலில் சிரித்தான். சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். செக்கிங் அம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வாயைத் திறக்காத அந்த மனிதரை வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று அங்கேயே யோசிக்க ஆரம்பித்தாள். மருமகள் சிரிக்கவில்லை. ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

புறப்படும்போது வாசலில் நின்று, "அப்ப வருவீங்களா?" என்று கேட்டாள் செக்கிங் அம்மா.

 மருமகள் அத்தையை மேலும் கீழும் அளந்தாள்.

"மழை ஒண்ணு பெய்யட்டும் அத்தை. பாத்துட்டுச் சொல்றேன்."

செக்கிங் அம்மாவுக்கு அது உறைக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இடத்தில் அவள் இருந்திருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

மழைக்காகக் காத்திருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. அது நாள் கணக்காக இழுத்தடித்தது. வந்தபோது ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல், தெருவே வெள்ளையாகும்படி கொட்டியது. விட்டுவிட்டு மறுநாளும் கொட்டியது. அவள் அந்த அறைக்குள் போகவே இல்லை. பார்க்கத் தைரியமில்லை என்பதுதான் நிஜம். வெயில் வந்து இரண்டு நாள் கழித்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மருமகள் தோளில் பையோடு நின்றாள். எந்த நாளைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறாள் என்பது செக்கிங் அம்மாவுக்குப் புரிந்தது.

மருமகள் நேராக உள்ளறைக்குப் போனாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, உள்ளங்கையைத் தளத்தில் வைத்து அழுத்தினாள். நகர்த்தி வைத்து அழுத்தினாள். மூலைகளில் விரலை ஓட்டினாள். இறங்கித் தரையைத் தொட்டுப் பார்த்தாள். அவசரமே படவில்லை. செக்கிங் அம்மா கதவோரம், வரிசையில் நிற்கிறவளைப் போலக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். இப்படித் தேர்ந்த வேலையை ஆலையிலேகூட அவள் பார்த்ததில்லை.

"காஞ்சிருக்கு" என்றாள் மருமகள்.

தோளிலிருந்த பையைக் கழற்றி, "பிடிங்க அத்தை. சுவத்துல ஒரு ஆணி இருக்குதான்னு பாக்கிறேன்" என்று நீட்டினாள்.

செக்கிங் அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பை கனமாக, வட்டமாக இருந்தது. உள்ளே என்ன என்று விரல்கள் துடித்தன. அமுக்கிப் பார்க்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். பைக்குள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது.